ஊற வைத்தும் கோதுமைத் தாள் ஒடிகிறதா?

கேள்வி: இங்கிலாந்தின் லூட்டனில் வசிக்கிறேன். மகளின் பள்ளி அறுவடைத் திருநாளுக்காக ஐந்து தாள் (கதிரின் தண்டு) பின்னலில் ஒரு ‘கார்ன் டாலி’ (கோதுமைத் தாளில் பின்னும் அலங்காரப் பொருள்) செய்ய, கைவினைக் கடையில் கோதுமைக் கட்டு வாங்கினேன். ஒரு மணி நேரம் ஊற வைத்தும் மடித்த இடமெல்லாம் ஒடிகிறது. என் கைதான் சரியில்லையா?

பதில்: உங்கள் கையில் குறை இல்லை. தாளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கதிருக்குக் கீழே முதல் கணுவரை உள்ள துண்டுதான் பின்னலுக்கு ஆகும். அதில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே குழலாக இருந்தால் பின்னலாம். தக்கை அடைத்திருந்தால் நாள் முழுக்க ஊறினாலும் ஒடியும்.

பூச்சாடி அலங்காரத்துக்கென்று நன்றாக முற்ற விட்டு அறுத்த கட்டைத்தான் பல கடைகளில் ‘டாலி கோதுமை’ என்று தலையில் கட்டுகிறார்கள். சிலர் வார்னிஷ் வேறு பூசிவிடுவார்கள். அதில் தண்ணீர் இறங்கவே இறங்காது. ‘ஆதிகாலச் சடங்கு’ என்று அட்டை ஒட்டி விலையை ஏற்றுவதையும் நம்பாதீர்கள். மாவட்டப் பெயர் சூட்டிய டாலி வடிவங்களில் பல 20ஆம் நூற்றாண்டில் பிறந்தவை. ரகம் என்ன என்று மட்டும் கேளுங்கள். ‘மாரிஸ் விஜன்’ என்றால் வாங்கலாம். 1960களில் கேம்பிரிட்ஜில் உருவான நெட்டைக் கோதுமை அது. கூரை வேய்பவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இன்று ரகம் தேர்ந்தெடுப்பவர்கள் மகசூலையும் சாயாத குட்டைத் தண்டையும்தான் பார்க்கிறார்கள். மிஞ்சுகிற தாளையும் அறுவடை இயந்திரம் நசுக்கிப் போடுகிறது. தாள் பின்னலும் தாள் தொப்பியுமாகப் பிழைத்த லூட்டனிலேயே ஒரு பிடி நல்ல தாளுக்கு அலைய வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை.

நல்ல தாள் கிடைத்தால் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் போதும். அப்புறம் ஈரத் துண்டில் சுற்றி வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் நனையுங்கள். மிஞ்சினால் பூசணம் பிடிக்கும்.

ஐந்தும் ஒரே பருமனாக இருக்கட்டும். தடித்தவற்றை ஒதுக்குங்கள், ஆனால் எறிய வேண்டாம். தொப்பிக்கான தட்டைப் பின்னலுக்கு அவை உதவும். அதற்குத் தாளை நீளவாக்கில் கீறிப் பட்டையாக்க வேண்டும். நெப்போலியன் போர்களால் இத்தாலியப் பின்னல் வரத்து குறைந்திருந்த 1800 வாக்கில், இங்கே இதற்கென்றே சின்னக் கீறு கருவி பரவியது. கூர்முனையைத் தாளின் குழலுக்குள் நுழைத்துத் தள்ளினால் சமமான பட்டைகளாகப் பிரியும். முழுத்தாளில் வராத மெல்லிய பின்னல் அதில் வந்தது. தக்கை அடைத்த தாளில் அந்த முனை நுழையாது, அதனால் இதற்கும் குழல் தாள்தான் வேண்டும்.

பள்ளி நாளுக்குள் வேறு கட்டு கிடைக்காவிட்டால், கையில் இருப்பதில் குழலான மூன்று தாளைப் பொறுக்கிச் சடை போலப் பின்னி, ஒரு வளையமாக மடித்து ரிப்பன் கட்டுங்கள். ‘கன்ட்ரிமேன்ஸ் ஃபேவர்’ என்ற எளிய டாலி அதுதான்.