கடற்படையில் இருந்தபடி படிப்பு: எதை முதலில் தொடுவது?

கேள்வி: திருகோணமலையில் கடற்படை வேலைத்தலத்தில் ஆறு வருடமாக வெல்டிங் செய்கிறேன். சாதாரண தரத்தில் கணிதம் மட்டும் சித்தியில்லை, உயர்தரம் எழுதவில்லை. சேவையில் இருக்கும்போதே பட்டம் எடுக்க ஆசை. இரண்டு தடவை வகுப்பில் சேர்ந்து, டூட்டியால் விட்டுப்போனது. எப்படித் திட்டமிடுவது?
வாசகர், உப்புவெளி

பதில்: பட்டம் கொஞ்சம் பொறுக்கட்டும், தம்பி. கைவசம் இருக்கும் தொழிலை முதலில் வெளியே செல்லுபடியாகும் சான்றிதழாக்குங்கள். தேசிய தொழிற்தகைமையில் (என்.வி.கியூ.) முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, வேலையில் கற்றதை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். நைட்டாவின் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். நான்காம் மட்டம் கிடைத்தால் ஐந்தாம் மட்ட டிப்ளோமாவுக்குப் பாதை திறக்கும்.

விண்ணப்பிக்கும் முன் வெல்டருக்கான தேர்ச்சி நியமத்தை (என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலை) வாங்கி, செய்து பழகியவற்றை ஒவ்வொன்றாக அடையாளமிடுங்கள். பலர் வழுக்குவது இங்கேதான். தட்டையாகக் கிடக்கும் தகட்டில் அழகாக ஒட்டுவார்கள். நிலைக்குத்தாகவோ தலைக்கு மேலோ ஒட்டச் சொன்னால் உருகிய உலோகம் வழிந்துவிடும். கரண்டைக் குறைத்து, ஆர்க்கை (கம்பி நுனிக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்பொறியை) குறுக்கிப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். ஆதாரமாகத் தளத்துக்குள் படம் எடுக்கவே வேண்டாம். பயிற்சிச் சான்றிதழ்களும், என்னென்ன வேலை எத்தனை வருடம் செய்தீர்கள் என்று மேலதிகாரி எழுதிய கடிதமும் போதிய பலம். மதிப்பீடு எந்த மொழியில் என்பதையும் கேளுங்கள். வேலைத்தலச் சொற்கள் உங்களுக்குச் சிங்களத்தில்தான் சட்டென வரும்.

கணிதத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம். சாதாரண சித்திக்கு 35 புள்ளி. முதலாம் வினாத்தாளின் 25 சிறு வினாக்களுக்குத் தலா 2 புள்ளி. பயிற்சியை அங்கே குவியுங்கள். முதலாவதில் 45, இரண்டாவதில் 25 எடுத்தால் சராசரி 35 வந்துவிடும். ஆனால் விளிம்பில் நிற்காமல் சராசரி 45ஐக் குறிவையுங்கள்.

இரண்டு தடவை விட்டுப்போனதற்குச் சோம்பல் காரணமாக இருக்காது. மாறிக்கொண்டே இருக்கும் டூட்டி ரோஸ்டருடன் செவ்வாய், வியாழன் வகுப்பு ஒத்துப்போகாது. கிழமையை விட்டு மாதக் கணக்குக்கு வாருங்கள்: டூட்டி குறைந்த மாதம் 50 மணித்தியாலம் படிப்பு, கூடிய மாதம் 20.

பட்டத்துக்கும் இதே கணக்குத்தான். திறந்த பல்கலைக்கழகத்தில் உயர்தரம் இல்லாதவர்களும் அடிப்படைக் கற்கைநெறி வழியாக நுழையலாம். ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 50 மணித்தியால உழைப்பு. முழு வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். உங்களால் வருடத்துக்கு 500 முடியுமென்றால் 10 கிரெடிட்டுக்கு மட்டும் பதியுங்கள். ஆசையில் முப்பதையும் எடுத்தால் தொடர் மதிப்பீடுகள் தவறும். அவற்றில் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே இருக்க முடியாது.

பரீட்சை அட்டவணை வந்த அன்றே லீவு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சம்மதித்த அதிகாரிக்கு இடமாற்றம் வந்தால் அந்தச் சம்மதமும் அவரோடு போய்விடும். இடமாற்றம் உங்களுக்கும் வரலாம் என்பதால், விண்ணப்பங்களில் தள முகவரிக்குப் பதில் உப்புவெளி வீட்டு முகவரியைப் போடுங்கள்.