தினம் இருபது சொற்களை மனப்பாடம் செய்தும் நேர்காணலில் திணறுவது ஏன்?

கேள்வி: பள்ளி, கல்லூரி இரண்டிலும் தமிழ்வழியில் படித்து, சென்ற ஆண்டு பி.காம். முடித்தேன். வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். ஆறு மாதமாகத் தினம் இருபது ஆங்கிலச் சொற்களை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்து வருகிறேன். ஆனால் பாரிமுனையில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனபோது, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற முதல் கேள்விக்கே வாய் எழவில்லை. அடுத்த மாதம் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. எந்தச் சொற்களைப் படிப்பது? பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? படித்துவரும் பட்டியலில் ஒரு பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதல் வேலையாக அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 'பெனவலன்ட்', 'கேண்டர்', 'ஆப்ஸ்டினேட்' எல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன. தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ எந்த அலுவலகத்திலும் ஒருவர் மற்றவரைப் பார்த்து 'பெனவலன்ட்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காகத் தொகுத்த சொற்கள் அவை. உங்களுக்கு இப்போது அவற்றால் காசுக்குப் பயனில்லை.

உங்களிடம் சொற்கள் குறைவு என்று நான் நினைக்கவும் இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், அதிகம் புழங்கும் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1953-இல் வெளியிட்டார். சாதாரண ஆங்கில உரைநடையில் ஐந்தில் நான்கு பங்கு ஏறக்குறைய இந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்தவருக்கு இவற்றில் பெரும்பாலானவை கண்ணில் பட்டவைதான். பார்த்தால் புரிகிறது, பேசப் போனால் வரமாட்டேன் என்கிறது. அந்தத் தடையைத்தான் உடைக்க வேண்டும். செண்ட், செக், ஃபைண்ட், கரெக்ட், ஆஸ்க் போன்ற எளிய வினைகளை, முக்கியமாக அவற்றின் இறந்தகால வடிவங்களை, யோசிக்காமல் சொல்லும் அளவுக்கு வாய்க்குப் பழக்குங்கள்.

அடுத்தது தொழிற்சொற்கள். இதில் நீங்கள் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள். சீல், யார்டு, கேட் பாஸ், டெலிவரி ஆர்டர் என்று அப்பா செல்போனில் பேசுவதைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். கேட்டுப் பழகியதன் சரியான பொருளைத் தெரிந்துகொள்வதுதான் மிச்சம். சுங்க முகவர் அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே உங்கள் மேசைக்கு வரக்கூடிய மூன்று ஆவணங்களில் தொடங்குங்கள். இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத் துறையிடம் தாக்கல் செய்வது பில் ஆஃப் என்ட்ரி. ஏற்றுமதிக்குத் தாக்கல் செய்வது ஷிப்பிங் பில். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் முதலாவது 46-ஆம் பிரிவிலும் இரண்டாவது 50-ஆம் பிரிவிலும் வருகின்றன. பில் ஆஃப் லேடிங் சுங்கத் துறைக்கானது அல்ல. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம். பெயரில் 'பில்' இருப்பதால் மூன்றையும் பணம் கட்டும் ரசீது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நேர்காணலில் இந்த வித்தியாசத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், உங்கள் இலக்கணத்தை யாரும் துருவிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதேபோல டெமரேஜும் டிடென்ஷனும். கட்டணமில்லாமல் வைத்திருக்க அனுமதித்த இலவச நாட்கள் தாண்டியும் சரக்குப் பெட்டகம் (கன்டெய்னர்) துறைமுக முனையத்துக்குள்ளேயே கிடந்தால் ஏறும் கட்டணம் டெமரேஜ். வெளியே எடுத்துப்போய்க் காலிப் பெட்டகத்தை உரிய நாளில் திருப்பி ஒப்படைக்காவிட்டால் கப்பல் நிறுவனம் கேட்கும் கட்டணம் டிடென்ஷன். தொழிலில் சிலர் இரண்டையும் கலந்து பேசுவார்கள். நீங்கள் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

ஒரு சொல்லை எழுதி எதிரே தமிழ் அர்த்தம் எழுதும் நோட்டுப் புத்தகத்தால் ஓரளவுக்குமேல் பயனில்லை. ஒரு பெயர்ச்சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் இன்வாய்ஸ் என்றால் விலைப்பட்டியல் என்று தெரிந்தவருக்கு, அதை என்ன செய்வார்கள் என்று சொல்லத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் இன்வாய்ஸை 'ரெய்ஸ்' செய்வார்கள், பில் ஆஃப் என்ட்ரியை 'ஃபைல்' செய்வார்கள், சரக்கை 'கிளியர்' செய்வார்கள், ஆவணத்தில் பிழை இருந்தால் 'அமெண்ட்' செய்வார்கள். சொல்லை அதன் துணையோடு எழுதி, கீழே உங்கள் வேலைக்குப் பொருந்தும் ஒரு வாக்கியத்தையும் எழுதுங்கள். நாளுக்கு ஐந்து போதும்.

எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே நிலைக்கும். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதிவிட்டார். ஆகவே மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை சொல்லிப் பாருங்கள். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் ஐந்து சொற்களை முடித்துவிடலாம். வீட்டில் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாணமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

இனி, நீங்கள் திணறிய கேள்விக்கு வருவோம். 'மைசெல்ஃப்' என்று தொடங்காதீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ஐ லிவ் இன் திருவொற்றியூர். ஐ ஃபினிஷ்ட் மை பி.காம். லாஸ்ட் இயர். மை ஃபாதர் டிரைவ்ஸ் எ டிரெய்லர் டு த போர்ட், ஸோ ஐ நோ ஹவ் ஒன் ராங் டாக்குமென்ட் கேன் ஹோல்ட் அப் எ டிரக்.' ஒரு தவறான தாளால் வண்டி எப்படி முடங்கும் என்பது எனக்குத் தெரியும் என்கிறீர்கள். இதில் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது 'ஹோல்ட் அப்' மட்டும்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர் இதைச் சொல்லும்போது, எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அப்பாவின் தொழிலைச் சொல்லத் தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு அதுதான் உங்கள் முதல் தகுதி.

கேள்வி புரியாவிட்டால் தலையாட்டிச் சமாளிக்காதீர்கள். 'சாரி, குட் யூ ரிபீட் தட்?' என்று கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. செய்து பழகாத வேலையைப் பற்றிக் கேட்டால் 'ஐ ஹேவ் நாட் டன் தட் யெட், பட் ஐ கேன் லேர்ன் இட்' என்று சொல்லலாம். இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், வடசென்னைத் தமிழ் தொனி ஆங்கிலத்தில் தெரிந்தால் குடி முழுகிப் போகாது. எழுத்தைப் பார்த்துத் தவறாக ஒலிக்கும் சில சொற்களை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ரசீதைக் குறிக்கும் சொல் 'ரிசீட்'. அதில் 'ப்' ஒலிக்காது. 'டெபிட் நோட்' என்பதில் 'பி' ஒலிக்கும், கடனைக் குறிக்கும் 'டெட்' என்பதில் ஒலிக்காது. 'ப்ரிபோன்' (குறித்த நாளுக்கு முன்பே நடத்துவது) போன்ற இந்திய ஆங்கிலச் சொற்களை விலக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பாரிமுனையில் எல்லோருக்கும் புரியும் சொல்லை ஏன் விலக்க வேண்டும்? வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதினால், நீங்கள் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று எழுதுங்கள்.

வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாதத்தில் சரளமாகப் பேசவைப்போம் என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். மற்ற இடங்களில் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஆசிரியரே கரும்பலகையில் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தால் சேர வேண்டாம். நேர்காணலுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்பதால், உங்களைப் போலவே வேலை தேடும் தோழி ஒருவரோடு தினம் அரை மணி நேரம் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிப் பழகுவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பதில்களைச் செல்போனில் பதிவு செய்து அன்றிரவே கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் சொல் வராமல் நின்றீர்களோ, அதுதான் மறுநாள் நோட்டில் ஏற வேண்டிய சொல்.