நியூட்ரினோ ஆய்வகம் போன்ற சர்ச்சைக்குரிய திட்டம் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையை நடுநிலையாகத் தொகுக்க முடியுமா?

முடியும், ஆனால் கட்டுரை முழுவதையும் ஒரே தராசில் நிறுக்கப் போனால் முடியாது. கேட்டவர் சொல்வது போல, நியூட்ரினோ என்ற, எதனோடும் மிக அரிதாகவே மோதும் நுண்துகளை ஆராயத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலைக்கடியில் அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகம் பற்றி இணையத்தில் யார் எழுதினாலும் ஆதரவாளர் ஒரு பத்தியை அழிப்பார், எதிர்ப்பாளர் அதைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை அழிப்பார். பொதுமக்கள் தொகுக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் இந்தக் கட்டுரையோடு கொஞ்சக் காலமாக மல்லுக்கட்டி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்கு ஊர் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். தேனி இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 550 கிலோமீற்றர். அந்த மலையைக் குடைந்தாலும் குடையாவிட்டாலும் எனக்கு லாப நட்டம் இல்லை. ஒரு நாள் வகுப்பில் ஒரு பிள்ளை போனில் வந்த வீடியோவைக் காட்டி, "சேர், தேனியில மலைய உடைச்சா நமக்கும் கதிர்வீச்சு வருமா?" என்று கேட்டான். பதில் சொல்வதற்காகக் கட்டுரையைத் திறந்தேன். திறந்தவன் 'தொகு' பொத்தானை அழுத்தாமல் வெளியே வரவில்லை.

சண்டையில் முக்கால்வாசி இந்தக் கதிர்வீச்சு வரியில்தான். சூரியனில் இருந்து மட்டும் நம் விரல்நகம் அளவான இடத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. இரவில் அவை பூமியைத் துளைத்துக்கொண்டு காலடிப் பக்கமிருந்து மேலே வரும். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. இதைச் சொன்னதும் அதே பிள்ளை, "மறுகா என்னத்துக்கு சேர் மலைக்குள்ள கொண்டு போய் வைக்கிறாங்க?" என்றான். நல்ல கேள்வி. கட்டுரையைப் படிக்கிற எவருக்கும் முதலில் தோன்றுகிற சந்தேகமும் அதுதான். விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி, எலத்திரனைப் போன்ற ஆனால் கனமான மியூவான் என்ற துகள்களை மழையாகக் கொட்டுகின்றன. திறந்த வெளியில் கருவியை வைத்தால் அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் தடயம் கண்ணில் படாது. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீற்றர் அளவுக்குப் பாறை இருந்தால் மியூவான்களில் மிகப் பெரும்பங்கு வழியிலேயே நின்றுவிடும், நியூட்ரினோ வந்து சேரும். பொட்டிபுரத்தில் இருக்கும் போடி மேற்கு மலை சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை, அதனால் அந்த இடம். மலை வெளியில் இருப்பதை வடிகட்டத்தான், உள்ளே இருப்பதை மறைக்க அல்ல என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை இன்றுவரை யாரும் தொடவில்லை.

உள்ளே வைக்க நினைத்தது 50,000 தொன் காந்தமேற்றிய இரும்பு. 5.6 சென்ரிமீற்றர் தடிப்பான தகடுகளை அடுக்கி, இடையிடையே கண்ணாடியால் ஆன உணரிகளைச் செருகுவார்கள். மொத்தம் ஏறத்தாழ 30,000 உணரிகள். நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் பிறக்கும். காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் வந்தது நியூட்ரினோவா, அதன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோவா என்று சொல்லிவிடலாம். மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது கூட, எது குறைவு என்ற நிறை வரிசையைக் கண்டுபிடிக்க அது உதவும். இது பௌதிகம், இதில் ஆதரவு எதிர்ப்பு என்று இரண்டு பக்கம் கிடையாது. "கருவி கதிர்வீச்சை உண்டாக்கும் என்று சிலரும், உண்டாக்காது என்று சிலரும் கருதுகின்றனர்" என்று எழுதுவதை நடுநிலை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது.

ஆனால் அதற்காக எதிர்ப்பாளர் சொன்னதையெல்லாம் வதந்தி என்று துடைத்துவிடவும் கூடாது. வெளிநாட்டுத் துகள் முடுக்கியில் செயற்கையாக உண்டாக்கிய நியூட்ரினோக் கற்றையைத் தேனிக்கு அனுப்புவார்கள் என்ற பயம் காற்றில் இருந்து வந்ததல்ல. திட்டத்தின் ஆரம்பகால அறிக்கைகளில் இரண்டாம் கட்டமாக அப்படி ஒரு யோசனை இருந்தது. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்து 7,000 கிலோமீற்றர் அளவான தூரம் சில அளவீடுகளுக்கு வாய்ப்பானது என்று விஞ்ஞானிகளே எழுதினார்கள். முதற்கட்டம் வளிமண்டல நியூட்ரினோக்களுக்கு மட்டும் என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். ஆதரவாளர் ஒருவர், எதிராளிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று கற்றை பற்றிய வரியை எடுத்துவிட்டார். தொகுப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில், "ஐயா, இதை நாம் எழுதாவிட்டால் வேறு யாராவது பாதி மட்டும் எடுத்து எழுதுவார்கள்" என்றேன். சில நாள் சண்டைக்குப் பிறகு வரி திரும்பி வந்தது.

தண்ணீர், தூசி, வெடி, காடு என்பவை வேறு வகை. இவற்றுக்குப் பௌதிகப் புத்தகத்தில் விடை இல்லை. ஏறத்தாழ 2 கிலோமீற்றர் சுரங்கப்பாதை, முடிவில் 132 மீற்றர் நீளமான மண்டபம். அந்தப் பாறையை வெடி வைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்ததை எங்கோ கொட்ட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை, 5 கிலோமீற்றருக்குள் கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா. "மக்களின் அறியாமையால் எதிர்ப்பு எழுந்தது" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2018இல் எங்கள் மாவட்டத்தில் பெரிய புல்லுமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலை வரப்போகிறது என்றதும் ஊரே கடையடைத்து ஹர்த்தால் செய்தது. கிணறு வற்றிவிடும் என்ற பயம். அதை அறியாமை என்று எவராவது எழுதியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? அந்த வரியை எடுத்துவிட்டு, யார், எந்த ஆண்டு, எந்த மன்றத்தில் என்ன ஆட்சேபம் சொன்னார் என்று மாற்றினேன்.

தேனிப் பக்கத்து அண்ணன் ஒருவர் உரையாடலில், "கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு எங்க மலையைப் பத்தி எழுதுறீங்க" என்றார். நியாயமான கோபம். "அண்ணே, உங்கள் ஊர்க்காரர் மனுவில் என்ன கேட்டார்கள் என்று ஆவணத்தோடு தாருங்கள், நானே சேர்க்கிறேன்" என்றேன். தந்தார். கட்டுரையின் நல்ல பத்திகளில் ஒன்று அவர் கொடுத்த தாள்களில் இருந்து வந்தது.

அப்புறம் வழக்கு விவரம். இங்கே கருத்துக்கு வேலை இல்லை, திகதிதான் வேலை. முதலில் பார்த்த இடம் நீலகிரியில் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கும் யானை வழித்தடத்துக்கும் பக்கம் என்பதால் 2009இல் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு மறுத்தது. பொட்டிபுரத்துக்கு 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி, 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். 2017 மார்ச்சில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் அமைச்சு சிறப்பு நேர்வாக மறுபடி அனுமதித்தது, அதே ஆண்டு நவம்பரில் வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2022 பெப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்று சொன்னது. இப்படி வரிசையாக வைத்த பிறகு இரண்டு தரப்பும் இந்தப் பகுதியில் அமைதியாகிவிட்டன. கட்டாத ஆய்வகத்தை "அமைந்துள்ளது" என்று எழுதுகிறவர்களை மட்டும் இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

ஜப்பானின் சுப்பர் காமியோக்கண்டே, கனடாவின் சட்பரி ஆகிய நியூட்ரினோ ஆய்வகங்கள், அவற்றின் கண்டுபிடிப்புகளுக்குக் கிடைத்த 2015 நோபல் பரிசு எல்லாவற்றையும் இதே கட்டுரையில் திணிக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம், அவற்றுக்குத் தனிக் கட்டுரை இருக்கட்டும். ஒரு விதிவிலக்கு இந்தியாவின் கோலார் தங்கச் சுரங்கம். 1965இல் அங்கே, 2 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் பதிவானது. அதே ஆண்டு தென்னாபிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது. உலகிலேயே முதல் பதிவுகள் அவை. இந்தியாவில் மறுபடி ஒரு நிலத்தடி ஆய்வகம் கேட்டதற்குப் பின்னணி அது என்பதால் அந்தப் பத்தி இருக்கத்தான் வேண்டும்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். நேரடியாகக் கட்டுரையில் கை வைக்க வேண்டாம். முதலில் உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். மாற்றும்போது ஒரு தடவையில் ஒரு பத்தி மட்டும் மாற்றி, தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். மொத்தமாக மாற்றினால் மொத்தமாக அழிப்பார்கள். 2022இல் இங்கே மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத காலத்தில், போன் சார்ஜ் தீருவதற்குள் சேமிக்க வேண்டுமே என்று துண்டு துண்டாகத் தொகுக்கப் பழகினேன். கரண்ட் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, அழிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இப்போது கட்டுரையில் மெலிந்து கிடப்பது மதுரைப் பகுதிதான். திட்டமிட்ட கருவியின் சிறு மாதிரியாக 85 தொன் எடையில் ஒன்றை அங்கே அமைத்து இயக்கினார்கள். அதைப் பற்றி இரண்டே வரி, படம் கூட இல்லை. பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத படம் வைத்திருக்கும் மதுரைக்காரர் யாராவது இதைப் படித்தால் பதிவேற்றுங்கள், விளக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.