புனேயில் குடியிருந்து நெல்லையில் சமைக்க முடியுமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலி. கணவரின் பணிமாற்றத்தால் ஐந்து மாதங்களுக்கு முன் புனேயை ஒட்டிய பிம்பிரி-சிஞ்ச்வட்டுக்குக் குடிவந்தோம். நான், கணவர், ஆறு வயது மகன், மாமியார் என நான்கு பேர். கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். ஊரில் சாப்பாட்டுச் செலவு மாதம் 12,000 ரூபாயைத் தாண்டியதில்லை. இங்கே 24,500 ரூபாய் ஆகிறது. ஊரிலிருந்து அரிசி, நல்லெண்ணெய், பொடி வகைகள் கூரியரில் வர 2,600. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலிகளில் 45 ஆர்டர்களுக்கு 11,400. ஓட்டல் பார்சல் 7,200. சூப்பர் மார்க்கெட்டில் 3,300. மாமியாருக்கு இங்குள்ள அரிசி பிடிக்கவில்லை. எனக்கு மராத்தி தெரியாது, இந்தியும் அரைகுறை; கடைக்குப் போகத் தயக்கம். மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் 10,000 ரூபாய் தவணையை (எஸ்ஐபி) இரண்டு மாதங்களாகக் கட்டவில்லை. ஃபண்டில் ஓராண்டாகச் சேர்ந்த பணத்தில் கொஞ்சம் எடுத்துச் சமாளிக்கலாமா? ஊர் ரேஷன் அட்டை இங்கே செல்லுமா?

- வாசகி, பிம்பிரி-சிஞ்ச்வட்

பதில்: ஃபண்டில் கை வைக்க வேண்டாம். பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் போட்ட பணத்தை ஓராண்டுக்குள் எடுத்தால் லாபத்துக்கு 20 சதவீத வரி. பெரும்பாலான ஃபண்டுகளில் 1 சதவீதம் வெளியேறும் கட்டணமும் உண்டு. ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனி முதலீடாகவே கணக்கில் வரும் என்பதால், ஓராண்டாகக் கட்டிய உங்கள் பணத்தில் பெரும்பகுதிக்கு இன்னும் ஓராண்டு நிறையவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு ஆபத்து வந்தால் எடுக்க வேண்டிய பணத்தைத் தோசை மாவுக்கும் பார்சல் பிரியாணிக்கும் எடுத்தால், அடுத்த மாதமும் எடுக்க வேண்டிவரும்.

நீங்கள் அனுப்பிய கணக்கை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். புனே விலைவாசி நெல்லையைவிடக் கூடுதல்தான், ஆனால் இரண்டு மடங்கு இல்லை. 2023-24இல் மத்திய அரசு எடுத்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் உணவுக்குப் போவது ஏறத்தாழ 40 சதவீதம். நான்கு பேருக்குக் கணக்கிட்டால் சுமார் 11,000 ரூபாய். இது நாடு முழுவதற்குமான சராசரி. பெருநகரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு கூட்டினாலும் 24,500 வராது. நீங்கள் புனேயில் குடியிருந்துகொண்டு நெல்லையில் சமைக்கப் பார்க்கிறீர்கள். கூடுதலாகப் போகும் 12,500 ரூபாய் அதற்கான வாடகை. எனவே செலவைக் குறைக்கும் வழி வயிற்றைக் கட்டுவதில் இல்லை, ஊரைக் கற்றுக்கொள்வதில் இருக்கிறது.

அரிசியிலிருந்து தொடங்குவோம். மாமியாருக்குப் பிடிக்காத அரிசி எது என்று நீங்கள் எழுதவில்லை. செயலியில் முதலில் கண்ணில் படும் பாஸ்மதியாக இருந்தால் அவர் சொல்வது நியாயம்தான். சாம்பாரும் ரசமும் அதில் ஒட்டாது. புனே வீடுகளில் அன்றாடச் சோற்றுக்குப் பரவலாக வாங்குவது கோலம் அரிசி. சன்னமானது, உதிரியாக வேகும், நம் பச்சரிசிச் சோற்றுக்கு நெருக்கமானது. மாவள் பகுதியில் விளையும் இந்திராயணி கொஞ்சம் குழையும். பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அருமையாக இருக்கும். முள்ஷி வட்டாரத்து ஆம்பேமோஹர் வாசனை அரிசி, புவிசார் குறியீடு பெற்றது, விலையும் அதற்கேற்ப இருக்கும்; விருந்தாளி வரும் நாளுக்குப் போதும். இட்லிக்குக் கவலை வேண்டாம். கொங்கண் பொருள்கள் விற்கும் கடைகளில் 'உக்டா தாந்தூள்' என்று கேளுங்கள். நம் புழுங்கல் அரிசிதான் அது, உளுந்தோடு அரைத்தால் மாவு பொங்கி வரும். எதையும் முதலில் இரண்டு கிலோ மட்டும் வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மூட்டைக்குப் போங்கள். புது அரிசியா பழைய அரிசியா என்று கேட்க மறக்காதீர்கள். பிடிக்காமல் போவதற்குப் பாதி நேரம் காரணம் அதுதான்.

அரிசியையே சுற்றிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. நீங்கள் இருப்பது சோள நாட்டுக்குப் பக்கத்தில். சோலாப்பூர்ப் பக்கத்து 'மால்தாண்டி' சோளத்துக்கு இங்கே தனி மரியாதை. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணில் உங்கள் மாமியார் வயதுக்காரர்கள் பலர் சோளச் சோறும் கம்பங்கூழும் உண்டு வளர்ந்தவர்கள். அவரிடம் இங்குள்ள சோளத்தைக் காட்டிப் பாருங்கள், தோசைக்கு எவ்வளவு சேர்க்கலாம் என்று அவரே சொல்வார். கோதுமை, சோளம், கம்பு எல்லாவற்றையும் தானியமாக வாங்கித் தெருவில் இருக்கும் 'கிர்ணி'யில், அதாவது மாவு மில்லில், அரைத்துக்கொள்வது இங்கே இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. பாக்கெட் மாவைவிடச் செலவு குறைவு. இன்னொரு கணக்கும் உண்டு: பொட்டலமாகக் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, கடைக்காரர் உங்கள் கண் முன்னால் அளந்து தருவதற்குக் கிடையாது.

காய்கறியில் நீங்கள் பயப்படும் அளவுக்கு அந்நியம் ஒன்றும் இல்லை. முருங்கை, புடலை, பாகல், கொத்தவரை, சேனை எல்லாமே இங்கே கிடைக்கும். 'அம்பாடி' நம் புளிச்சக்கீரை. 'குளித்' கொள்ளு. முளைகட்டி விற்கும் 'மட்கி' நரிப்பயறு. மாலைச் சுண்டலுக்கு ஏற்றது. 'ஷேபு' என்ற சதகுப்பைக் கீரையின் மணம் எல்லாருக்கும் ஒத்துவராது, ஒரு கட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். நாட்டின் பெரிய வெங்காயச் சந்தைகளில் ஒன்றான லாசல்காவ் இதே மாநிலத்தில் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு செயலியில் கால் கிலோ சின்ன வெங்காயப் பொட்டலம் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. சாம்பாருக்குப் பெரிய வெங்காயம் போதும். சின்ன வெங்காயத்தைப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? வாரத்துக்கு ஒருமுறை உங்கள் பகுதியில் கூடும் சந்தையை அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விவசாயிகள் நேரடியாக விற்கும் வாரச் சந்தைகளும் புனேயிலும் பிம்பிரியிலும் நடக்கின்றன. மாதம் ஒருமுறை மெட்ரோ ஏறிப் புனேயின் பழைய சந்தையான மகாத்மா புலே மண்டைக்குப் போய் வாருங்கள் ('மண்டை' என்றால் மராத்தியில் காய்கறிச் சந்தை). ஆங்கிலேயர் காலத்தில் ரே மார்க்கெட் என்ற பெயரில் கட்டிய எண்கோணக் கோபுரக் கட்டடம் அது. பிம்பிரியிலிருந்து ஸ்வார்கேட் போகும் மெட்ரோவில் 'மண்டை' என்றே ஒரு நிலையம் இருக்கிறது, வண்டி மாற வேண்டியதில்லை. முதல் தடவை எதையும் அதிகம் வாங்காதீர்கள். நான்கு கடையில் விலை கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் வீட்டுப் பக்கத்துத் தள்ளுவண்டிக்காரர் சொல்லும் விலை நியாயமானதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மொழித் தயக்கத்துக்கு நான் சொல்லும் மருந்து சின்னது. எண்களை மட்டும் மராத்தியில் கற்றுக்கொள்ளுங்கள். 'பாவ்' என்றால் கால் கிலோ, 'தீட்ஷே' 150, 'அடீச்ஷே' 250. இந்த இரண்டு எண்களில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கூடவே மாமியாரை அழைத்துப் போங்கள். கத்தரிக்காயை விரலால் அழுத்திப் பார்ப்பதற்கு மொழி தேவையில்லை. உங்களைவிட அவருக்குப் பேரம் நன்றாக வரும் என்று நினைக்கிறேன். வீட்டில் அடைந்து கிடப்பவருக்கு வாரம் ஒரு நாள் வெளியே போக ஒரு காரணமும் கிடைக்கும்.

இனி செயலி. 45 ஆர்டர்களில் ஒவ்வொன்றுக்கும் டெலிவரி, கையாளும் கட்டணம் என்று சராசரியாக 25 ரூபாய் வைத்தாலே மாதம் 1,125 ரூபாய் ஆகிறது. கட்டணத்தைத் தவிர்க்க, குறைந்தபட்சத் தொகை வரும்வரை கூடையில் பிஸ்கட்டும் சிப்ஸும் போடுவது அதைவிடப் பெரிய செலவு. மேலே சொன்ன அரசுக் கணக்கெடுப்பில் நகரத்து உணவுச் செலவில் மிகப்பெரிய பிரிவு அரிசியோ பாலோ இல்லை. பானங்கள், நொறுக்குத்தீனி, தயாரித்த உணவுகள். மொத்த மாதச் செலவில் 11 சதவீதம் அதற்குப் போகிறது. செயலியை அழிக்கச் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அது தேவைப்படும். பணம் செலுத்தும் அட்டை விவரத்தை மட்டும் அதிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் 16 எண்களைத் தட்ட வேண்டியிருந்தால் பாதி ஆர்டர் தானாகவே நின்றுவிடும். 'பிறகு செலுத்தலாம்' என்ற வசதி இருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

ஓட்டல் பார்சலுக்கு நான் முழுத் தடை போட மாட்டேன். சமைக்க முடியாத நாட்கள் எல்லா வீட்டிலும் வரும். அந்த நாட்களுக்குப் 'போளி-பாஜி கேந்திரம்' என்ற சின்னக் கடைகள் இருக்கின்றன. இங்கே போளி என்பது மெல்லிய சப்பாத்தி. எண்ணிக்கை சொல்லி வாங்கலாம், கூட ஒரு பொரியல், ஒரு பருப்பு. பெரும்பாலும் பெண்கள் நடத்துபவை, வீட்டுச் சாப்பாட்டுப் பக்குவத்தில் இருக்கும். செயலியில் வரும் விலை பல ஓட்டல்களில் நேரில் கொடுக்கும் விலையைவிடக் கூடுதல் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு வெளியே போய் மிசலோ (காரமான முளைப்பயறுக் குழம்பு) தாலியோ சாப்பிடுங்கள். அதை நான் வீண்செலவில் சேர்க்கவில்லை. அங்கே பிடித்துப்போகும் ஒரு கறியை வீட்டில் செய்யக் கற்றுக்கொண்டால் அடுத்த பார்சல் குறையும்.

ஊர்க் கூரியரை அடியோடு நிறுத்த வேண்டாம். அரிசி, பருப்பு, புளி ஆகியவற்றுக்கு எடைக் கூலி கொடுத்து வரவழைப்பதை மட்டும் நிறுத்துங்கள். நல்லெண்ணெய், வத்தல், மாமியார் கேட்கும் ஒன்றிரண்டு பொடிகள் வரட்டும். மும்பை-நாகர்கோவில் ரயில் புனே வழியாக நெல்லைக்குப் போகிறது. ஊருக்குப் போய்வரும்போது எடுத்து வந்தால் அந்தக் கூலியும் மிச்சம்.

நான் உங்களுக்குப் போடும் மாதக் கணக்கு 16,500 ரூபாய்: பலசரக்கு 6,000, காய்கறி-பழம் 4,000, பால்-தயிர் 3,000, வெளிச்சாப்பாடு 2,500, ஊர்ப் பொருள்கள் 1,000. நெல்லையின் 12,000 ரூபாயைத் திரும்பப் பிடிக்க முயல வேண்டாம்; முடியாமல் போய் இரண்டாம் மாதமே வெறுத்துவிடும். இந்த 16,500க்கு வந்துசேரவே மூன்று மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் வந்த அன்றே இந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, உணவு தொடர்பான யுபிஐ முழுவதையும் அதிலிருந்தே செய்யுங்கள்.

முழு இலக்கை எட்டும்போது மாதம் 8,000 ரூபாய் மிஞ்சும். அதுவரை காத்திருக்காமல் அடுத்த மாதமே 5,000 ரூபாய்க்கு எஸ்ஐபியைத் தொடங்குங்கள். ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று கொண்டால் (உறுதி இல்லை, கணக்குக்காக) 10 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 11.5 லட்சம் ரூபாய். மீதி 3,000 மிஞ்சத் தொடங்கியதும் அவசர நிதிக்குப் போகட்டும். கணவருக்குச் சம்பள உயர்வு வரும்போது எஸ்ஐபியைப் பழைய 10,000க்குக் கொண்டுவாருங்கள். ஒன்றைச் சரிபாருங்கள்: எஸ்ஐபியை முறையாக நிறுத்தினீர்களா, அல்லது கணக்கில் பணம் இல்லாமல் தவணை தவறியதா? தவறியது என்றால் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி அபராதம் எடுத்திருக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், எனவே இந்த வாரமே பாருங்கள்.

ரேஷன் அட்டை விஷயம், அதில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பொறுத்தது. பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது ஏஏஒய் (அந்தியோதயா) என்று இருந்தால், ஆதார் இணைந்திருக்கும்பட்சத்தில், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் பிம்பிரி ரேஷன் கடையிலேயே விரல்ரேகை வைத்து இலவசத் தானியம் வாங்கலாம்; பிஎச்எச் அட்டைக்கு ஒருவருக்கு மாதம் 5 கிலோ. என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருந்தால் அந்த அரிசி தமிழ்நாடு அரசு தன் செலவில் கொடுப்பது, மாநில எல்லையைத் தாண்டாது. எந்த அட்டையாக இருந்தாலும் ஊரில் மலிவாகக் கிடைத்த துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது. மேலே போட்ட பலசரக்குக் கணக்கில் அவற்றைக் கடை விலைக்கே சேர்த்திருக்கிறேன்.