போகும்போதும் சூடு, வரும்போதும் சூடு: மின்தடையும் மாறுதிசை மின்னோட்டமும்

கேள்வி: மாறுதிசை மின்னோட்டம் பாதி நேரம் இந்தப் பக்கம், பாதி நேரம் அந்தப் பக்கம் ஓடுகிறது. சராசரி பூஜ்யம். அப்புறம் ஹீட்டர் எப்படிச் சூடாகிறது?

பதில்: சராசரி பூஜ்யம்தான், கணக்கில் தப்பில்லை. ஆனால் உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள், கை போகும்போதும் சூடு, வரும்போதும் சூடு. மின்தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் (அதை அதாலேயே பெருக்கினால் வருவதை) பொறுத்தது, குறை எண்ணை இருமடியாக்கினாலும் மிகை எண்தான் வரும், அதனால் எந்தத் திசையில் ஓடினாலும் கம்பி சூடாகத்தான் செய்யும்.

கேள்வி: 230 வோல்ட் என்கிறார்களே, அது உச்ச மதிப்பா?

பதில்: இல்லை, ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது இருமடிகளின் சராசரிக்கு எடுத்த வர்க்கமூலம். உச்சம் சுமார் 325 வோல்ட். சைன் அலையை இருமடியாக்கிச் சராசரி எடுத்தால் உச்சத்தின் இருமடியில் சரிபாதி வரும், அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் உச்சத்தில் 0.707 பங்கு. 1000 வாட் ஹீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர், அப்படியானால் மின்தடை ஏறத்தாழ 53 ஓம். அதே ஹீட்டருக்கு 230 வோல்ட் நேர்மின்னோட்டம் கொடுத்தாலும் அதே 1000 வாட்தான். ஆர்எம்எஸ் என்று ஒன்றை வைத்திருப்பதே இதற்காகத்தான்.

கேள்வி: மின்தடையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கட்டத்தில் இருப்பது, அதாவது ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது ஏன்?

பதில்: மின்தடைக்கு ஞாபகசக்தி கிடையாது. அந்தக் கணத்து மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் அந்தக் கணத்து மின்னோட்டம், அவ்வளவுதான். மின்தூண்டி (கம்பிச் சுருள்) மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும், மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும், அதனால் அங்கே ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். வரைபடம் போடும்போது பலர் சறுக்குவது வேறு இடத்தில்: ஒரே கட்டம் என்றதும் இரண்டு அலைகளையும் ஒரே உயரத்தில் வரைந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தைத் தொட வேண்டும், ஒரே நேரத்தில் உச்சிக்குப் போக வேண்டும், உயரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் இரண்டையும் பெருக்கினால் வரும் திறனும் அவ்வப்போது பூஜ்யமாகுமே, குண்டு பல்பு ஏன் அணைந்து அணைந்து எரியவில்லை?

பதில்: நல்ல கேள்வி. 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு பூஜ்யம்) நொடிக்கு 100 முறை திறன் பூஜ்யத்தைத் தொடுகிறது, ஆனால் அதற்குக் கீழே இறங்குவதே இல்லை, அதாவது மின்தடை வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதில்லை. இரண்டு உச்சங்களுக்கு நடுவே 10 மில்லி நொடிதான், அதற்குள் இழை ஆறிவிட முடியாது. வெளிச்சம் லேசாக ஏறி இறங்கத்தான் செய்கிறது, கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

கேள்வி: 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால் கூடுதலாகச் சூடாகுமா?

பதில்: ஆகாது. மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை என்ற சூத்திரத்தில் அதிர்வெண்ணே வரவில்லை, பாருங்கள். ஹீட்டர் கம்பி சுருளாக இருப்பதால் கொஞ்சம் மின்தூண்டலும் இருக்கும், ஆனால் இந்த அதிர்வெண்ணில் 53 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.