பாகல் பிஞ்சு உதிர்கிறதா? காலை ஏழு மணிக்குப் பந்தலுக்குள் நின்று பாருங்கள்

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் 60 சென்ட்டில் பந்தல் பாகல் போட்டிருக்கிறேன். 55 நாள் ஆகிறது. பூ நிறைய வருகிறது, ஆனால் பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்காக வாரம் ஒருமுறை காலையில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து அடிக்கிறேன். கடையில் கொடுத்த பூ டானிக்கை இரண்டு முறை அடித்தும் உதிர்வது நிற்கவில்லை. நிழல் விழுகிறது என்று வரப்பிலிருந்த புங்கமரத்தையும் புதரையும் போன வருஷமே எடுத்துவிட்டேன். வேறு எந்த டானிக் அடிக்கலாம், அய்யா?

பதில்: எந்த டானிக்கும் வேண்டாம், தம்பி. விழுந்ததில் பத்துப் பிஞ்சை எடுத்துப் பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ வேலை. ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் கியூலூர் பொறி கட்டி, விழுந்ததையெல்லாம் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். புழு இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாகலில் பெண் பூ பிறக்கும்போதே அடியில் பிஞ்சோடு பிறக்கிறது. அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று ஏமாந்து போகிறோம். விடியும்போது மலர்கிற பூ, அன்றோடு அதன் கதை முடிந்தது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகத்தான் செய்யும். கொண்டுவர வேண்டியது தேனீ. அது வேலைக்கு வருகிற அதே நேரத்தில் நீங்கள் ஸ்பிரேயரோடு நிற்கிறீர்கள். பந்தலில் தேனீ ஏன் இல்லை என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

நம்பிக்கை வரவில்லையா? நாளைக் காலை அன்று மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பின்னால் மடக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். இப்படி 20 பூவுக்குச் செய்து, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நாலைந்து நாளில் நூல் கட்டியது பருத்து, மற்றது விழுந்தால் விஷயம் தெரிந்துவிடும். சீனாவில் சிச்சுவான் மாகாணத்தின் ஹன்யுவான் பகுதியில் பேரிக்காய்ப் பூவுக்கு இப்படித்தான் ஆட்கள் மரமேறித் தடவுகிறார்கள். 60 சென்ட்டுக்குத் தினமும் கூலி கொடுத்து உங்களுக்குக் கட்டுமா?

கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். முதல் பாட்டில் தேனீயைத் தீர்க்கிறது, அதனால் விழும் பிஞ்சுக்கு இரண்டாவது பாட்டில். இமிடாகுளோபிரிட் செடி முழுக்க ஊடுருவி மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்து நிற்கும். திறந்த வெளியில் அதை அடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018லேயே தடை போட்டது. நம் ஊரில் டீத்தூள் மாதிரி கிடைக்கிறது. இந்த வயதுக் கொடியில் கொஞ்சம் அசுவினி இருந்தால் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். மிஞ்சினால் வேப்ப எண்ணெய்க் கரைசல் போதும், அதுவும் மாலை ஐந்துக்கு மேல்.

அப்புறம் அந்த வரப்பு. பாகல் பூக்கிற இரண்டு மாதம் போக, மீதி நாளெல்லாம் தேனீ எதைத் தின்று பிழைக்கும்? கோடையில் வேம்பு, புங்கன், புளி. மழைக்குப் பின் தும்பை. நடுநடுவே முருங்கை, தென்னை என்று ஒரு சங்கிலி இருந்தது. அதில் உங்கள் கொல்லைப் பக்கத்துக் கண்ணியை நீங்களே அறுத்துவிட்டீர்கள். நானும் இருபது வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, "வரப்பு மழமழவென்று இருக்கணும்" என்று பேசியவன்தான். கேட்டவர்கள் அப்படியே செய்துவிட்டார்கள், அதுதான் சங்கடம். புங்க நிழலில் ஒரு வரிசை பாகல் குறையும், ஒத்துக்கொள்கிறேன். இப்போது பந்தல் முழுக்கக் குறைகிறதே!

வரப்பில் களைக்கொல்லி அடிக்காதீர்கள், தும்பை தானாக வரும். செடிமுருங்கை விதை ஊன்றினால் ஆறு மாதத்துக்குள் பூத்துவிடும். புங்கன் பூக்கச் சில வருஷம் ஆகும், ஆனாலும் இந்த மழைக்கே வையுங்கள்.

தேனீப் பெட்டி வாங்க அவசரப்பட வேண்டாம். அடித்த மருந்து செடியில் இருக்கும்போது வைத்தால் காசு கொடுத்துச் சாகடித்த மாதிரி ஆகும். அடுத்த பட்டத்தில் பூ வரும்போது, அடுக்குத் தேனீ, அதாவது பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீ, அந்தப் பெட்டி இரண்டு வையுங்கள். எங்கே கிடைக்கும், எப்படிப் பராமரிப்பது என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். பெட்டியை நிழலில் வைத்து, ஸ்டாண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எறும்பு ஏறினால் கூட்டமே பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும்.