கேள்வி – பதில்: கரையில் நின்றவர்களின் ஓவியம்

கேள்வி: பழைய ஓவிய நூல் ஒன்றில், ஸ்காட்லாந்து ஓவியர் வில்லியம் மெக்டாகர்ட் 1895இல் வரைந்த ‘குடிபெயர்வோர் கப்பல் புறப்படுதல்’ என்ற படத்தைப் பார்த்தேன். கரையில் இருப்பவர்களுக்கு முகமே தெளிவாக இல்லை. ஓவியம் முற்றுப்பெறவில்லையா? அவர் யார்?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முற்றுப்பெற்ற ஓவியந்தான், அம்மா. முகம் வரையத் தெரியாதவரும் அல்லர் அவர். மாணவராக இருந்தபோது பிறருக்கு உருவப்படங்கள் வரைந்து கொடுத்துத்தான் படிப்புச் செலவைச் சமாளித்தார்.

ஸ்காட்லாந்தின் மேற்கே கின்டையர் தீபகற்பத்தில், மக்ரிஹானிஷ் கடற்கரையை அடுத்து, கேலிக் மொழி பேசும் ஏழைக் குடியானவர் ஒருவரின் மகனாக 1835இல் பிறந்தார். 12 வயதில் கேம்பல்டவுனில் மருந்து தயாரிப்பவர் ஒருவரிடம் வேலை பழக விடப்பட்ட பையன், 16 வயதில் எடின்பரோ சென்று, டிரஸ்டீஸ் அகாடமியில் ராபர்ட் ஸ்காட் லாடரிடம் ஓவியம் பயின்றார். 1870இல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் முழு உறுப்பினரானார். புகழ் வந்த பின்னரும் கோடைதோறும் கடற்கரைக்குப் போய், காற்றிலும் சாரலிலும் நின்றே வரைந்தார். கணத்தில் மாறும் ஒளியை விரைவான தூரிகை வீச்சுகளில் பிடித்த பிரெஞ்சு ஓவியர்களான இம்ப்ரெஷனிஸ்டுகளோடு அவரை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அந்தக் கைவேகத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய சொந்த ஊர்க் கடல்தான் என்பது என் எண்ணம்.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில், ஆட்டுப் பண்ணைக்காக நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றியதாலும், 1846 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்ததாலும், மேற்குக் கரையோர மக்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். 1880களிலேயே இதை வரையத் தொடங்கியவர், அறுபதை எட்டும் வயதில் நீங்கள் பார்த்த படத்தை வரைந்தார். கப்பல் தொலைவில் சிறுத்துவிட்டது. வானத்தில் வானவில்லின் துண்டொன்று மங்கலாகத் தெரிகிறது. கரையில் விடப்பட்டவர்கள், பாறையும் மணலும் அவர்கள் மீது படர்ந்துவிட்டதுபோல், நிலத்தின் நிறத்திலேயே கரைந்து கிடக்கிறார்கள். போகிறவர் கண்ணுக்குக் கரை அப்படித்தானே தெரியும்? ஆனால் ஓவியர் கரைப்பக்கம் நின்றே வரைகிறார் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

மலேசியத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம்மவரை ஏற்றிவந்த ‘ரஜூலா’வைப் பற்றிப் பேசும் பெரியவர்கள், கப்பலுக்குள் பட்ட பாட்டைச் சொல்வார்கள், கரையில் நின்ற தாயின் முகத்தைச் சொல்ல வரும்போது பேச்சு நின்றுவிடும். அந்த ரஜூலா 1926இல் கட்டப்பட்டதும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில்தான்.

மெக்டாகர்ட் 1910இல் காலமானார். எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்குச் சொந்தமான இப்படம் ஒரு மீட்டர் அகலங்கூட இல்லாதது. நூலை மறுபடி எடுத்தால், கப்பலை விட்டுவிட்டுப் படத்தின் அடிப்பகுதியை மட்டும் சற்று நேரம் பாருங்கள். பாறை என்று நினைத்த இடத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகத் தென்படுவார்கள்.